கடற்கரை அடம்பு நல்ல மண்ணில் அழுகுவது ஏன்?

அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் அடம்பு என்று பல பெயர்களில் அறியப்படும் கொடியைக் கடற்கரையில் பார்க்காதவர்கள் குறைவு. கால் வைக்க முடியாத சூட்டில், உப்புக் காற்று அறையும் மணலில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களோடு படர்ந்து கிடக்கும். இப்படிப்பட்ட முரட்டுக் கொடி வீட்டுத் தோட்டத்தில் எளிதாக வந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது வேறு. செம்மண்ணும் எருவும் கலந்து, தினமும் தண்ணீர் விட்டு வளர்த்தால் ஒன்று தண்டு அழுகிப் போகிறது, இல்லாவிட்டால் இலையாக மண்டிப் பூக்காமல் நிற்கிறது. கடற்கரைச் செடி ஆயிற்றே, உப்பு போதவில்லை போலிருக்கிறது என்று சிலர் உப்புக் கரைசலை ஊற்றிப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம்.

குழப்பத்துக்குக் காரணம் ஒரு தவறான கணிப்பு. ஒரு செடி எங்கே வாழ்கிறதோ அங்கே இருப்பதெல்லாம் அதற்குப் பிடித்தவை என்று எடுத்துக்கொள்கிறோம். கடற்கரையில் இருப்பவற்றில் எவை அடம்புக்குத் தேவை, எவற்றை அது பொறுத்துக்கொள்கிறது என்று பிரித்துப் பார்த்தால் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

## முதலில், எந்தக் கொடி

தாவரவியல் பெயர் ஐபோமியா பெஸ்-கேப்ரே. லின்னேயஸ் 1753இல் இதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். ஐபோமியாவுக்கு மாறியது பிறகு. சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. வெப்ப மண்டலக் கடற்கரைகளில் ஏறக்குறைய உலகம் முழுவதும் உண்டு.

அடையாளம் காண்பது சுலபம். இலை தடித்து, தோல் போல இருக்கும். நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் பாடல் இதை மானின் அடிக்கு ஒப்பிட்டது, தாவரவியல் பெயரோ ஆட்டின் காலுக்கு. தண்டைக் கிள்ளினால் பால் வரும். பூ புனல் வடிவம், உள்ளே தொண்டைப் பகுதி அடர்ந்த நிறம். ஒவ்வொரு பூவும் காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடத் தொடங்கும். ஒரு நாள் பூ. ஆகவே மதியத்துக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு "பூக்கவே இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டு தாவரங்களை இதோடு குழப்பிக்கொள்வார்கள். கடற்கரை அவரை இளஞ்சிவப்பாகத்தான் பூக்கும், ஆனால் பூ அவரைப்பூ வடிவம், இலை மும்மூன்றாக இருக்கும். இன்னொன்று அடம்பின் நெருங்கிய உறவு. அதே மணலில் வெள்ளைப் பூக்களோடு படரும். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறக்குறைய இதேதான் என்பதால் பெயர் மாறிப்போனாலும் பெரிய நஷ்டமில்லை.

## கடற்கரை மணலில் உண்மையில் என்ன இருக்கிறது

கடற்கரை என்றதும் உப்பு என்ற ஒரே சொல்தான் மனதில் நிற்கிறது. வேருக்குத் தெரிகிற கடற்கரையில் ஐந்து சங்கதிகள் உள்ளன.

1. வடிகால். கடல் மணல் பருமனான துகள்களால் ஆனது. துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிது. மழை கொட்டினாலும் சில நிமிடங்களில் நீர் கீழே இறங்கிவிடும், அந்த இடைவெளியில் காற்று புகும். வேரும் மூச்சு விட வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. இடைவெளிகளில் நீர் தேங்கிய மண் என்பது வேருக்கு மூச்சடைத்த மண். மணலில் பிறந்து வளர்ந்த வேருக்கு இதைச் சமாளிக்கும் பழக்கம் கிடையாது.

2. உப்பு, ஆனால் நாம் நினைக்கும் அளவில் இல்லை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலை எட்டும் இடத்துக்கு மேலே உள்ள மணல்மேட்டில், வேர் இருக்கும் ஆழத்தில் அவ்வளவு உப்பு நிற்பதில்லை. காற்றில் வரும் நுண்துளிகள் உப்பைக் கொண்டுவந்து இலைமேலும் மணல்மேலும் படிய வைக்கின்றன. அடுத்த மழை அதைக் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. அதாவது அடம்பின் இலைதான் உப்பில் குளிக்கிறது. வேர் பெரும்பாலும் மழைநீரைத்தான் குடிக்கிறது.

3. அடியில் நல்ல நீர். கடலோரத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மழைநீரின் அடர்த்தி கடல் நீரைவிடக் குறைவு, ஆகவே மணலுக்குள் அது உப்பு நீருக்கு மேலே ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கக்கூடும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அடம்பின் தடித்த ஆணிவேர் ஆழமாகப் போவது இந்த ஈரத்தைத் தேடித்தான்.

4. உணவுப் பஞ்சம். மணலில் மட்கு மிகக் குறைவு, நைட்ரஜன் அதைவிடக் குறைவு. கடல் துளிகள் மெக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றைக் கொஞ்சம் கொண்டுவரும். சிப்பித் தூள் கலந்திருந்தால் சுண்ணாம்பும் உண்டு. அப்படிப்பட்ட மணல் காரத்தன்மையுடன் இருக்கும். இந்த வறுமைக்கு ஏற்ற அளவில்தான் அடம்பு தன் வளர்ச்சியை வைத்துக்கொண்டிருக்கிறது.

5. நகரும் தரை. காற்று மணலை அள்ளி வந்து கொடியைப் புதைக்கும். வேறு செடியென்றால் செத்துப்போகும். அடம்பின் கணுக்கள் மணலுக்குள் போனதும் வேர்விட்டு, நுனி மேலே வந்து தொடர்ந்து ஓடும். கொடி 10 மீட்டர் சர்வசாதாரணமாகப் போகும், 30 மீட்டர் வரைகூடப் போவதுண்டு. கொடி மணலைப் பிடிக்கிறது, பிடித்த மணல் மேடாகிறது, மேட்டில் மற்ற செடிகள் குடியேறுகின்றன.

ஆறாவதாக ஒன்றும் உண்டு. அது அங்கே இல்லாத ஒன்று: போட்டி. புல், பூண்டு, புதர் எதுவும் இந்த இடத்தில் நிற்க முடியாததால் வெயில் முழுவதும் அடம்புக்கே. உப்பைத் தாங்கும் திறனால் அதற்குக் கிடைத்த லாபம் இதுதான். உப்பு அதற்குச் சாப்பாடு இல்லை. அண்டை அயலாரை விரட்டி வைத்திருக்கும் வேலி.

## தாங்குவது வேறு, வேண்டும் என்பது வேறு

உவர் நிலத்தில் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்கக்கூடிய தாவரங்களை உவர்த்தாவரங்கள் என்கிறார்கள். உலகத் தாவர இனங்களில் இவை சுமார் ஒரு சதவீதம்தான். இவற்றுக்குள்ளும் இரண்டு வகை. ஓரளவு உப்பு இருந்தால்தான் நன்றாக வளரும் என்பவை சில. உப்பங்கழி ஓரத்தில் சதைப்பற்றோடு வளரும் உமரி அப்படி. உப்பு இல்லாவிட்டாலும் நன்றாக வளரும், இருந்தால் சகித்துக்கொள்ளும் என்பவை மற்றவை. அடம்பு இந்த இரண்டாம் வகை.

சகித்துக்கொள்வது இலவசமாக வருவதில்லை. உள்ளே வரும் சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் குமிழறைகளில் அடைத்து வைக்க வேண்டும், இலையைத் தடிப்பாக்கி நீரைச் சேமிக்க வேண்டும், மேல்தோலில் மெழுகு பூச வேண்டும். எல்லாவற்றுக்கும் சக்தி செலவாகிறது. உப்பு இல்லாத இடத்தில் அந்தச் செலவு மிச்சம். அப்படியிருக்க வலியப் போய் உப்பு ஊற்றுவதில் என்ன பயன்?

இதற்கு ஒரு நல்ல சாட்சி விதை. அடம்பு விதைக்குள் காற்று இடைவெளி இருப்பதால் அது கடலில் மிதக்கும், மாதக்கணக்கில் மிதந்த பிறகும் முளைக்கும் திறனை இழக்காது. வெப்ப மண்டலம் முழுக்க இந்தக் கொடி பரவியது இப்படித்தான். ஆனால் அந்த விதை கடல் நீரில் முளைப்பதில்லை. கரையில் ஒதுங்கி, தோல் தேய்ந்து, மழை பெய்து, சுற்றியுள்ள உப்பு கரைந்து போனபின்தான் முளைவிடுகிறது. கடற்கரையிலேயே நல்ல தண்ணீருக்காகக் காத்திருக்கும் விதைக்குத் தோட்டத்தில் உப்புக் கரைசல் கொடுப்பது வேடிக்கைதான்.

தோட்ட மண்ணுக்கும் இதில் கேடு இருக்கிறது. களிமண் கலந்த மண்ணில் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது பெரும்பாலும் கால்சியம். உப்பு நீரில் உள்ள சோடியம் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். உடனே துகள்கள் பிரிந்து, நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு என்று மண் மாறும். நீர் இறங்கும் துளைகள் அடைபடும். பிறகு ஜிப்சம் போட்டு, நல்ல நீரை நிறையப் பாய்ச்சிக் கழுவித்தான் சரிசெய்ய வேண்டும். கடல் மணலில் களி இல்லை, அங்கே இந்தக் கேடு நேராது. ஒரே உப்பு நீர் இரண்டு மண்ணில் இரண்டு விதமாக வேலை செய்வதன் காரணம் இதுதான்.

இந்தச் சகிப்புத்தன்மை உதவும் ஒரு இடம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ரோஜாவும் செம்பருத்தியும் இலை ஓரம் கருகும்போது அடம்பு அலட்டிக்கொள்ளாது. கடல் காற்று நேராக அடிக்கும் சுவரோரத்துக்கும் மொட்டைமாடிக்கும் இதைவிடப் பொருத்தமான பூக்கொடி சுலபத்தில் கிடைக்காது. உப்பு நீர்தான் இருக்கிறது என்றால் அதை ஊற்றலாம். நல்ல நீர் இருக்கும்போது உப்புச் சேர்ப்பதுதான் தேவையற்றது.

## இடமும் மண்ணும்

இனி நடைமுறை. பாதிக் கவனத்தை மண்ணில் வைத்தால் போதும், மீதியைக் கொடியே பார்த்துக்கொள்ளும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரமாவது நேராகப் பட வேண்டும். நிழலில் உயிரோடு இருக்கும், பூக்காது. இதில் பேரம் பேச வழியில்லை.

தரையில் நடுவதாக இருந்தால் முதலில் வடிகாலைச் சோதிக்க வேண்டும். ஒரு அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி, முழுவதும் இறங்கிய பின் மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அந்த இடம் அப்படியே உதவாது.

அப்போது பலரும் செய்யும் காரியம், களிமண்ணில் ஒரு குழி வெட்டி அதில் மணலை நிரப்புவது. பார்க்கச் சரியாகத் தெரியும். ஆனால் சுற்றிலும் நீர் இறங்காத சுவர், நடுவில் மணல்; மழைநீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து சேர்ந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். வடிகாலுக்காகச் செய்த வேலை கிணறு வெட்டிய கதையாகிவிடும். செய்ய வேண்டியது நேர் எதிர்: தரைக்கு மேலே மேடு கட்ட வேண்டும். ஒன்று, ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலம் போதும். மேட்டின் ஓரங்களில் கல் அடுக்கினால் மணல் சரியாது.

கலவைக்குப் பருமணல் மூன்று பங்கு, சாதாரணத் தோட்ட மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒன்றிரண்டு கைப்பிடி. நுண்மணல் வேண்டாம், அது இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும். கட்டடத்துக்கு அரைத்த மணல் என்றால் அதிலுள்ள மாவுத் தூசியை இரண்டு மூன்று முறை அலசி வெளியேற்றிய பிறகு பயன்படுத்தலாம். கடல் மணலை அள்ளி வருவது தேவையும் இல்லை, முறையும் இல்லை. அதிலுள்ள உப்பு பக்கத்துச் செடிகளுக்கு ஆகாது; கரையோர மணலை அள்ள இந்தியா உட்படப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது.

தொட்டியில் வளர்க்கிறவர்கள் ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும். அடியில் ஜல்லி பரப்பி மேலே மண் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய கலவையிலிருந்து பருமனான ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை; கலவை முழுக்க நனைந்து தளும்பும் வரை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வருகிறது, அவ்வளவுதான். துளைமேல் ஒரு ஓட்டுத் துண்டை வைத்துவிட்டு அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவையைப் போடுவது மேல். ஆழமான தொட்டி நல்லது, ஏனென்றால் ஈரம் தேங்கும் அடிப்பகுதி வேரின் பெரும்பகுதியிலிருந்து தள்ளி இருக்கும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது.

## விதையா, தண்டா

இரண்டிலும் வளரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது.

தண்டு விரைவு. மூன்று நான்கு கணுக்கள் உள்ள ஒரு அடித் துண்டு போதும். கணுவில் சிறு வேர் முளைகள் ஏற்கெனவே தெரிந்தால் இன்னும் நல்லது. வெட்டியதும் வரும் பாலைத் துடைத்துவிட்டு, சிறிது நேரம் வெட்டுவாய் உலர்ந்த பின், இரண்டு கணுக்கள் மணலுக்குள் இருக்கும்படி சாய்வாகவோ கிடையாகவோ பதிக்க வேண்டும். செங்குத்தாக ஒரு கணுவை மட்டும் புதைப்பதைவிட இது பலன் தரும். கடற்கரையில் காற்று புதைப்பதும் இப்படித்தானே. வேர் பிடிக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மணல் லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். இந்தக் கொடிக்குத் தொடர்ந்து ஈரம் கேட்கும் ஒரே காலம் இது.

விதைக்குப் பொறுமை வேண்டும். உருண்டைக் காய்க்குள் நான்கு விதைகள், மேலே பழுப்பு நிற மென்மயிர். தோல் மிகக் கடினம், நீரை உள்ளே விடாது. கடலில் மிதக்கும்போது இது காப்பு. தோட்டத்தில் இதுவே தடை. அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். செய்ய வேண்டியவை:

1. உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தைத் தேய்க்க வேண்டும், உள்ளே வெளிர்நிறம் தெரியும் வரை. விதை காயில் ஒட்டியிருந்த தழும்பு உள்ள பக்கத்தைத் தேய்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கத்தைத் தேய்த்தால் முளைக்கருவுக்குச் சேதம் வராது. நகவெட்டியால் ஒரு சிறு கீறலும் போதும்.

2. இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவிட வேண்டும். காலையில் சில விதைகள் இரு மடங்கு உப்பியிருக்கும், சில அப்படியே இருக்கும். உப்பாதவற்றுக்குத் தோல் இன்னும் திறக்கவில்லை என்று பொருள். மறுபடி தேய்த்து ஊறப் போடலாம்.

3. உப்பியவற்றை உடனே ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்தில் விதைத்துவிட வேண்டும். ஊறிய விதையை வைத்திருந்தால் அழுகும்.

தொட்டியில் முளைக்க வைத்து இடம் மாற்றுவதாக இருந்தால், ஆணிவேர் கீழே சுருளுவதற்கு முன்பே, நாலைந்து இலை வந்த நிலையிலேயே மாற்றிவிட வேண்டும். ஆணிவேர் அறுந்த கன்று தேறி வர வெகுநாள் ஆகும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடம்பு பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு செடியின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். ஒரே கொடியிலிருந்து பத்துத் துண்டு எடுத்து நட்டால் பத்தும் மரபளவில் ஒரே செடிதான். பூ வரும், தேனீயும் வரும், காய் வராது. விதையும் சேர வேண்டும் என்றால் வெவ்வேறு இடத்து விதைகளிலிருந்து இரண்டு மூன்று கொடிகளாவது வேண்டும். தோட்டத்தில் கட்டுக்கடங்காமல் பரவக் கூடாது என்று நினைப்பவர்களுக்கோ ஒரே கொடியின் துண்டுகள்தான் வசதி.

## எங்கிருந்து எடுப்பது

மணல்மேட்டின் முகப்பில் படர்ந்திருக்கும் கொடியை அறுத்து வருவதுதான் கைக்கு எட்டும் வழி. அதைத் தவிர்க்க வேண்டும். அந்த முகப்பில் மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். ஆணிவேரோடு பிடுங்கிய இடத்தில் காற்று குழி பறிக்கத் தொடங்கும், குழி அகன்றுகொண்டே போகும். சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைச் சதுப்புக் காடுகள், பவளப் பாறைகள், ஆமைகள் முட்டையிடும் இடங்கள் ஆகியவற்றோடு சேர்த்துச் சூழல் நுட்பம் மிகுந்த முதல் வகையில் வைத்திருக்கிறது.

நல்ல வழிகள் இரண்டு. உயர் அலை ஒதுக்கிய சருகுக் கோட்டில் காய்களும் விதைகளும் கிடைக்கும். அவற்றில் பல எப்படியும் அடுத்த அலையோடு போகப்போகிறவை. இல்லையென்றால் நாட்டுத் தாவரங்களை வளர்க்கும் நாற்றங்காலிலோ ஏற்கெனவே வளர்க்கும் ஒருவரிடமோ துண்டு கேட்டு வாங்கலாம். இந்தக் கொடியை வளர்ப்பவர் துண்டு தர மறுப்பது அரிது, ஏனென்றால் அவருக்கு எப்படியும் வெட்டிப் போட வேண்டியிருக்கும்.

## தண்ணீரும் எருவும்

வேர் பிடித்த பிறகு நிறைய ஊற்றி நன்றாகக் காயவிடுவதுதான் முறை. விரலை மணலுக்குள் விட்டால் இரண்டு அங்குலம் வரை உலர்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த தண்ணீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதில் மேல்மட்டம் மட்டும் நனைந்து, ஆழமாகப் போக வேண்டிய வேர் மேலேயே நின்றுவிடும். ஒரு வருடம் கடந்த தரைக்கொடிக்குக் கடும் கோடையைத் தவிர மற்ற நாட்களில் தண்ணீர் வேண்டியிருக்காது. தொடர் மழைக்காலத்தில் தொட்டிகளை மழை நேராக விழாத, ஆனால் வெயில் படும் இடத்துக்கு நகர்த்தினால் போதும்.

எரு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. நைட்ரஜன் மிகுந்த உரம் கிடைத்தால் கொடி இலையும் தண்டுமாக ஓடும், பூவுக்கு வராது. அப்படி ஓடிய மென்தண்டைத்தான் பூச்சியும் அழுகலும் முதலில் பிடிக்கும். தொட்டிக்கு வருடத்தில் ஒருமுறை மட்கிய எரு ஒரு கைப்பிடி, தரையில் அதுவும் வேண்டாம். சாணக் கரைசல், யூரியா, வாரந்தோறும் திரவ உரம் எல்லாம் வேறு செடிகளுக்கு.

## வளர்ந்த பிறகு வரும் சங்கதிகள்

அடம்பு பந்தலில் ஏற்றும் கொடி இல்லை. அதன் உறவுகளைப் போலச் சுற்றிக்கொண்டு ஏறும் பழக்கம் இதற்கு மிகக் குறைவு. தரையில் படரவிடலாம், மேட்டிலிருந்தும் சுவர்மேலிருந்தும் தொங்கவிடலாம்; அப்படித் தொங்கும்போதுதான் பூக்கள் நன்றாகத் தெரியும்.

படரவிட்டால் எல்லை போட வேண்டும். ஒவ்வொரு கணுவும் வேர்விடும் என்பதால், ஓடும் நுனிகளை வாரம் ஒருமுறை தூக்கித் திருப்பி விடுவதோ வெட்டுவதோ அவசியம். காய்கறிப் பாத்தி, புல்தரை பக்கத்தில் நடவே கூடாது. வெட்டிய தண்டுகளை ஈரமான குப்பைக்குழியில் போட்டால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகு போடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு என்று ஏரிகளை அடைத்துக்கொண்டிருப்பதும் ஒரு ஐபோமியாதான், தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அடம்பு நம் கரையின் சொந்தக் கொடி, அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பேரினத்துக்கு இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் குணம் உண்டு.

இலைக்காம்பில் எறும்புகள் ஊர்வதைப் பார்த்து மருந்தடிக்க ஓட வேண்டாம். அங்கே தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தேனுக்கு வரும் எறும்புகள் இலை தின்னும் புழுக்களை விரட்டி வைக்கின்றன. எறும்பு கூடவே மாவுப்பூச்சியும் வெள்ளையாக ஒட்டியிருந்தால் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மோசமான தண்டை வெட்டிவிட வேண்டும். இலையில் வட்ட வட்டமாக ஓட்டை போடும் ஆமைவண்டுகளும் வரும்; செடிக்குப் பெரிய பாதிப்பில்லை. காற்றோட்டமில்லாத மூலையில் செம்பேன் வரும், அதற்கு மருந்து இடமாற்றம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு அடம்பும் மாற்று உணவு. கிழங்கு பயிரிடும் இடத்தின் அருகே இதை வளர்த்தால், பயிர் இல்லாத பருவத்திலும் வண்டு தங்கியிருக்க ஒரு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

## அறிகுறியைப் படிக்கும் முறை

- இலை மஞ்சளாகி, தண்டின் அடி மெத்தென்று கறுத்தால் வேர் மூச்சடைத்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் மட்டும் போதாது, கலவையே தவறு. நுனிப் பக்கத்து நல்ல தண்டை வெட்டிப் புதிய மணலில் நடுவதுதான் விரைவான மீட்பு; அழுகிய அடியைக் காப்பாற்றப் பார்ப்பது வீண்.
- செழித்த இலை, பூ இல்லை: எரு அதிகம் அல்லது வெயில் குறைவு. வெயில் சரியாக இருந்தால் அந்தப் பருவம் முழுக்க எருவை நிறுத்திப் பாருங்கள்.
- கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து வெளிறினால் நிழல்.
- நண்பகலில் இலை மடங்கி நிற்பது இயல்பு, வெயிலைத் தவிர்க்கும் வழி. மறுநாள் காலையிலும் மடங்கியே இருந்தால் தாகம்.
- இலை ஓரம் கருகினால், தொட்டியில் உப்புச் சேர்ந்திருக்கலாம். அடம்புக்கே கருகுகிறதென்றால் நீரின் உப்பு கணிசம். தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை ஊற்றி வடியவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

உறைபனி விழும் ஊர்களில் இது வெளியே பிழைக்காது. அங்கே தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வெளிச்சமான அறைக்குள் கொண்டுவந்து, தண்ணீரை வெகுவாகக் குறைத்து வைக்கலாம். அல்லது இலையுதிர் காலத்திலேயே துண்டுகள் எடுத்துச் சிறு தொட்டிகளில் பிழைக்க வைத்து வசந்தத்தில் புதிதாக நடலாம். பெரிய கொடியை உள்ளே இழுத்துப் போடுவதைவிடத் துண்டு வழி சுலபம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் விதைகளை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். ஐபோமியா பேரினத்தில் சில இனங்களின் விதைகளில் மனநிலையைப் பாதிக்கும் ஆல்கலாய்டுகள் உள்ளன. கடலோர மக்கள் அடம்பின் இலையை வீக்கத்துக்கும் சொறிமீன் கடிக்கும் வெளிப்பூச்சாகப் பல நாடுகளில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் இருக்கிறதே என்று கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு விஷயம். அதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம்.